பாதி மாத்திரை

உப்புக்கல் ஒன்றை இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, வலது கையால் கட்டையை ஓங்கிப் புளியம்பழத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறாள் மங்கம்மாள். ஓடு உடைகிறது. ஒரு உதறு உதறினால் நார் தனியாக வந்துவிடுகிறது. அரிவாள்மனையில் ஒரு கீறு, கொட்டை கீழே விழுகிறது, சுளை கூடைக்குப் போகிறது. கன்னத்துக் கல் கரைந்தால் பக்கத்திலிருக்கும் சட்டிக்குள் கை நுழையும், அடுத்த கல் வாய்க்குப் போகும். புளியோடு சேர்த்துப் பானையில் அடைப்பதற்காக வாங்கி வைத்த கல்லுப்பு அது.

“பிரஷர்காரி இப்படி உப்பைத் தின்னலாமா?” என்று நான் எத்தனை முறை கத்தியிருக்கிறேனோ, அத்தனை முறையும் ஒரே பதில்தான். “துன்றனா யம்மா? சொம்மா வெச்சிகினு கீறேன்.”

நான் திருப்பத்தூர்க்காரி. வருஷத்துப் புளியை ஜவ்வாது மலையில்தான் வாங்குவேன். கடைப் புளி எனக்கு ஆகாது. மாசி பிறந்தால் சிங்காரத்தின் ஜீப்பில் இடம் பிடித்து, கோழிக்கூண்டுக்கும் சிமெண்ட் மூட்டைக்கும் நடுவில் மடங்கி உட்கார்ந்து, புதூர்நாட்டுக்கு வந்து சேர்வேன். அங்கிருந்து மங்கம்மாள் வீட்டுக்குக் கொஞ்சம் நடை. எனக்கும் பிரஷர் உண்டு. அதற்குக் காரணம் என் வாய்தான் என்பது என் வீட்டுக்காரர் கட்சி. ஆகவே மங்கம்மாளும் நானும் பேச உட்கார்ந்தால் புளியை விட்டுவிட்டுப் பிரஷரைத்தான் பேசுவோம்.

மங்கம்மாளுக்கு ஐம்பதை ஒட்டிய வயசு. சேலைக்கு மேல் எப்போதும் ஆண்பிள்ளைகள் போடுகிற முழுக்கைச் சட்டை. வேலைக்குப் போகிற பெண்கள் பலரும் போடுவதுதான். ஆனால் இவள் வீட்டில் சோறு ஆக்கும்போதும் அதைக் கழற்றமாட்டாள். பையில் வெற்றிலை இருக்கும், சுண்ணாம்பு டப்பி இருக்கும், சில நாள் ஒரு சாத்துக்குடி இருக்கும். சிரிக்கும்போது வாயை மூடாமல் மூக்கை மூடிக்கொள்வாள். ஏனென்று கேட்டால் அதற்கும் சிரிப்பாள்.

அந்தப் பக்கத்தில் பலா மரம் ஏறுகிற பெண் அவள் ஒருத்திதான். சேலையைத் தார் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏறி, கத்தியின் முதுகால் பழத்தைத் தட்டிப் பார்த்து, “இது நாளான்னிக்கி ஆவும்”, “இது இன்னும் தூங்குது” என்று மேலிருந்தே குரல் கொடுப்பாள். பழுத்ததைக் கயிற்றில் கட்டி, அடிபடாமல் மெல்ல இறக்குவாள். கீழே ஒருத்தி நின்று அதை வாங்கி முடிச்சை அவிழ்க்க வேண்டும். பதினைந்து வருஷத்துக்கு மேல் அப்படிக் கீழே நின்றவள் வசந்தி.

பிரஷரை மங்கம்மாள் ஒரு ஆளாகவே வைத்துப் பேசுவாள். “இன்னிக்கி பிரசரு கோவமா கீது.” “மேடு ஏற சொல்லோ பின்னாடியே வருது.” கையில் சுற்றுகிற அந்தப் பட்டையைப் பற்றி அவளுக்குத் தனிக் கருத்து உண்டு. “கையப் புடிக்குது, இறுக்கிப் புடிக்குது, உசுரு போறாப்பல புடிக்குது, அப்பால புஸ்ஸுன்னு வுட்டுடுது. ஆம்பளைங்க கையப் புடிச்சா இப்டித்தான் இருக்கும் போல கீது” என்று சொல்லி மூக்கை மூடிக்கொள்வாள்.

சிரிப்பாகத்தான் இருந்தது. அதில் இருந்த விஷயம் எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. அந்த ஊரில் ஒரு பெண்ணின் கையில் பட்டையைச் சுற்ற வேண்டுமென்றால், முதலில் அவள் வயிற்றில் பிள்ளை இருக்க வேண்டும். பிள்ளை உண்டானவளை நர்ஸம்மா தேடிக்கொண்டு வருவார், எடை பார்ப்பார், பிரஷர் பார்ப்பார், திட்டுவார், இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பார். கல்யாணமே வேண்டாமென்று சொல்லிவிட்டு மரம் ஏறிக்கொண்டிருப்பவளை எவர் தேடி வருவார்? நாற்பது தாண்டும் வரை மங்கம்மாளின் கையை ஒருவரும் பிடித்துப் பார்க்கவில்லை. தலை சுற்றியபோதெல்லாம் அது மரத்தின் உயரம் என்றே அவள் நினைத்துக்கொண்டாள்.

வசந்தி ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில் மணிவேலுக்கு வாழ்க்கைப்பட்டவள். குள்ளம், வாயாடி. பிள்ளை இல்லை. பலாக் காலத்தில் கூலிக்குக் கயிறு பிடிக்க வந்தாள். ஒரு ஆடி மாசம் வேலை முடிந்தும் அவள் ஓடையைத் தாண்டவில்லை. மங்கம்மாள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். மறுநாளும் தங்கினாள். அவ்வளவுதான் கதை. ஓடிப்போனதும் இல்லை, ஒளிந்துகொண்டதும் இல்லை.

பட்டணத்தில் இதற்கு இப்போது பெயர் இருக்கிறது. மங்கம்மாளிடம் பெயர் ஏதும் இல்லை. ஒரு முறை, வசந்தி தண்ணீருக்குப் போயிருந்த சமயம், அவளே சொன்னாள். “பொண்டாட்டின்னு சொன்னா சிரிப்பாங்க. புருசன்னு சொன்னா அடிப்பாங்க. கூட இருக்கறவன்னு சொல்லிட்டா ஒண்ணியும் பண்ண மாட்டாங்க யம்மா. அதையே சொல்லிகினு கீறேன்.”

அந்த ஊர் வழக்கத்தில் கட்டியவனோடு ஒத்துப்போகாத பெண் வேறொருவனோடு போய்விடலாம். தூக்கில் தொங்க வேண்டியதில்லை, கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை. புதிதாகக் கூட்டிக்கொண்டவன், பழையவன் கொடுத்த பரிசத்தைத் திருப்பித் தந்துவிட்டால் போதும். ஊர்த் தலைவரான ஊர்க் கவுண்டர் முன்னால் வெற்றிலை மாற்றி முடித்துவிடுவார்கள். கீழ்நாட்டுக்காரியான எனக்கு இதைக் கேட்டுப் பொறாமையாகக்கூட இருந்தது. மங்கம்மாள் இதைத்தான் நம்பினாள். வசந்திக்காக மணிவேல் கொடுத்தது இரண்டு ஆடும் ஒரு மூட்டை சாமையும். அதே மாதிரி இரண்டு ஆட்டைப் பிடித்துக்கொண்டு, தலையில் சாமை மூட்டையோடு, முழுக்கைச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு, ஊர்க் கூட்டத்தில் போய் நின்றாள்.

அடிக்கவில்லை. துரத்தவும் இல்லை. சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு ஊர்க் கவுண்டர் சொன்னதை அவள் குரலை மாற்றிச் சொல்லிக் காட்டுவாள். “ஆடு வாங்கறதுல இன்னா கீது? நாளைக்கி எந்த ஆம்பள குடுத்தான்னு கேட்டா நான் இன்னா சொல்றது? போம்மா, போய் ஒரு ஆம்பளய இட்டுகினு வா.” மணிவேலும் அங்கே இருந்தான். அவன் ஏற்கெனவே வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டிருந்தான். வசந்தி அவனுக்குத் தேவையே இல்லை. ஆனாலும் கொடுக்க ஆண் இல்லாததால் வாங்கவும் வழியில்லை. மங்கம்மாள் திரும்பி நடந்தாள். அவிழ்த்துவிட்ட ஆடுகள் இரண்டும் அவள் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டன.

அன்று சாயங்காலம் இருவரும் தாங்களாகவே ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டார்கள். ஊர் வெற்றிலை மாற்றித் தரவில்லை அல்லவா? ஒரு வெற்றிலையை நடுவில் கிழித்து ஆளுக்குப் பாதி போட்டுக்கொண்டார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டுக்குள் எது வந்தாலும் இரண்டு பாதிதான். சாத்துக்குடி பாதி. சந்தையில் வாங்கிய பன் பாதி. போர்வையைக் கிழிக்கவில்லை, அவ்வளவுதான். “அதான் எங்க கல்லாணம்” என்பாள் வசந்தி, மங்கம்மாள் முறைக்க முறைக்க.

பிறகு ஒரு ஆனி மாசம் மங்கம்மாள் மரத்திலிருந்து பாதி தூரம் இறங்கி, மீதித் தூரம் விழுந்தாள். எலும்பு முறியவில்லை. கயிறு பிடித்த வசந்தியின் மேலேயே விழுந்ததால் இரண்டு பேருக்கும் சிராய்ப்பு. அந்த மாசம் ஊரில் நடந்த மருத்துவ முகாமுக்கு நொண்டிக்கொண்டே போனார்கள். இருவருக்கும் பட்டையைச் சுற்றினார்கள். இருவருக்கும் பிரஷர். டாக்டர் இளவயசுக்காரர், நல்ல மாதிரிதான். புருஷன் குடிக்கிறாரா, வீட்டில் சண்டையா, பிள்ளை எத்தனை, பிரசவத்தில் பிரஷர் இருந்ததா என்று வரிசையாகக் கேட்டாராம். “எல்லாத்துக்கும் இல்ல, இல்லன்னு சொன்னேன். அப்பால அவுருகிட்ட கேக்கறதுக்கு ஒண்ணியும் இல்ல. மாத்திரய குடுத்து அனுப்பிச்சிட்டாரு.”

“வேறு என்ன கேட்டிருக்க வேண்டும் என்கிறாய்?” என்றேன்.

தட்டுவதை நிறுத்தினாள். “எதுக்குப் பயப்படறேன்னு கேட்டிருக்கலாம். தெனம் பயந்துகினு கீறோம் யம்மா. கதவத் தட்டனா பயம். ஓடைல நாலு ஆம்பளைங்க சேந்து வந்தா பயம். எப்ப வந்து இவள இழுத்துகினு போவானுங்களோன்னு. அதுக்கு மாத்திர கீதான்னு நானே கேட்டிருப்பேன். வாய் வர்ல.”

இனிமேல்தான் என் ரத்தம் கொதிக்கிற இடம். மாத்திரையை மாசாமாசம் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க ஓடைக்கு இரண்டு பக்கத்து ஊருக்கும் ஒரு பெண் உண்டு. பெயர் கல்பனா. தங்கமான பெண். ஆனால் அவள் மணிவேலின் தம்பி பெண்டாட்டி. மங்கம்மாளின் மாத்திரையை மங்கம்மாள் வீட்டில் கொடுத்தாள். வசந்தியின் மாத்திரை? பரிசம் திரும்பாதவரை வசந்தி மணிவேல் வீட்டுப் பெண். ஆகவே வசந்தியின் மாத்திரை மணிவேல் வீட்டு மாடத்துக்குப் போனது. “வேணும்னா வாசல்ல வந்து நின்னு வாங்கிக்கட்டும்” என்று கல்பனாவின் மாமியார் சொல்லிவிட்டாள். விட்டுவந்த வீட்டு வாசலை மிதித்தால் திரும்பி வந்துவிட்டதாக ஊரில் அர்த்தம். வசந்தி மிதிக்கவில்லை.

நேராக ஆஸ்பத்திரியிலேயே கேட்டால் என்ன என்று ஒரு தடவை நடந்து போனார்கள். உன் பெயருக்குத்தான் மாசாமாசம் வீட்டுக்கே வருகிறதே, இரண்டு தடவை எப்படித் தருவது என்று அங்கே இருந்தவர்கள் நியாயமாகக் கேட்டார்கள். வேறு வீட்டில் கொடுக்க வேண்டுமென்றால் வசந்தி தன் வீடு எது என்று சொல்லவேண்டியிருந்தது. சொல்லாமல் திரும்பிவிட்டாள்.

அப்புறம் என்ன, இருக்கவே இருக்கிறது வழக்கம். மங்கம்மாள் தினமும் காலையில் தன் மாத்திரையை முன்பல்லால் கடித்து, பாதியை விழுங்கி, மீதிப் பாதியைப் பக்கத்தில் நீட்டுவாள். வசந்தி வாங்கிப் போட்டுக்கொள்வாள். நாலைந்து வருஷம் இப்படி. ஒருவரிடமும் சொல்லவில்லை. தப்பு செய்கிறோம் என்று தெரிந்தால்தானே சொல்ல? “ஒரே சோறு, ஒரே வேல, ஒரே பிரசரு. பாதி போட்டாலும் தலவலி வுட்டுச்சி யம்மா. நல்லாத்தான் இருந்தோம்” என்று அவள் சொன்னபோது எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கடையில் வாங்கக் கூடாதா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, ஒரு அட்டை மாத்திரை என்ன தங்கமா என்று கத்தினேன். கத்தி என்ன பிரயோஜனம்? அதற்குள் வசந்தி போய்விட்டாள்.

போன வருஷம், இதே புளிக் காலத்தில். இதோ இந்த இடத்தில் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள், ஏதோ சொல்ல வாயைத் திறந்தாளாம். வார்த்தை வரவில்லை. வாய் ஒரு பக்கமாகப் போய்விட்டது. கையிலிருந்த சுளை மட்டும் கீழே விழவில்லை. சிங்காரம் ஜீப்பில் இருந்த ஆட்களை எல்லாம் இறக்கிவிட்டு அவளைப் போட்டுக்கொண்டு மலையிறங்கினான். மங்கம்மாள் மடியில் தலை. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் “மெதுவா, மெதுவா” என்றும், வளைவு தாண்டியதும் “சீக்கிரம், சீக்கிரம்” என்றும் அவள் கத்தியதை சிங்காரம் இன்னும் சொல்கிறான்.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில், நீ அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள்.

“கூட இருக்கறவ.”

“சொந்தம் யாராவது இருந்தா உள்ள வரச் சொல்லும்மா.”

அவள் வெளியே உட்கார்ந்தாள். ஆள் போய்ச் சொல்லி, மறுநாள் மணிவேல் வந்தான். அவனை உள்ளே விட்டார்கள். அவனும் பாவம், நாலு தடவை வெளியே வந்து, “கண்ணு முழிக்கல”, “கால ஆட்றா” என்று இவளிடம் சொல்லிவிட்டுப் போனான். ஒரு தடவை, “உன்னத்தான் தேடறான்னு நெனைக்கறேன்” என்றானாம். அதைச் சொல்லும்போது மட்டும் மங்கம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உயிர் போனதும் உடம்பு மணிவேல் வீட்டுக்குப் போனது. விட்டுவந்தபின் உயிரோடு அவள் மிதிக்காத வாசல். இத்தனை வருஷம் பயந்தது இதற்குத்தானே, கடைசியில் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சடங்கெல்லாம் அங்கேதான் நடந்தது. மங்கம்மாள் ஓடைக்கு இந்தப் பக்கம் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். மாரில் அடித்துக்கொண்டு அழுவதற்குக்கூட அவளுக்கு அந்தக் கூட்டத்தில் முறை கிடையாது. பறை நின்றதும் வீட்டுக்கு வந்து, அப்படியே போட்டுவிட்டுப் போன புளியை எடுத்து உட்கார்ந்து தட்டினாளாம். எப்படி அழாமல் இருந்தாய் என்று நான் கேட்கவில்லை. கன்னத்தில் எதற்கு எப்போதும் அந்த உப்புக்கல் என்றும் இப்போதெல்லாம் கேட்பதில்லை.

பதினாறாம் நாள் கழிந்து கல்பனா ஒரு மஞ்சள் பையோடு ஓடையைத் தாண்டி வந்தாள். மணிவேல் வீட்டு மாடத்தில் அடுக்கி வைத்திருந்த வசந்தியின் மாத்திரை அட்டைகள். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. எதற்குக் கொண்டுவந்தோம் என்று கல்பனாவுக்கே தெரியவில்லை. வாசலில் நின்று அழுதாள். மங்கம்மாள் பையை வாங்கிப் புளிப்பானைக்கு மேலே உத்தரத்தில் மாட்டினாள். அது இன்னும் அங்கேதான் தொங்குகிறது. தூக்கி எறியக் கூடாதா என்று இந்த மாசியில் கேட்டேன்.

“அவளுது யம்மா. அவ வூட்டுக்கு வந்து சேந்துடுச்சி. இருந்துட்டுப் போவட்டும்.”

அப்போது பார்த்து என் கைப்பேசி அடித்தது. அந்த வாசலில் ஒரு மூலையில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். என் வீட்டுக்காரர்தான். “மாத்திரை போட்டியா?” என்றார். தினமும் கேட்கிற கேள்வி. தினமும் எரிந்து விழுகிற நான், அன்றைக்கு “போட்டேங்க” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்தேன். திரும்பினால் மங்கம்மாள் கட்டையைக் கையில் தூக்கியபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தட்டவில்லை. “நல்லா கேக்கறாரு யம்மா” என்றாள்.

“உன் மாத்திரையை நீ போட்டாயா?”

“போட்டுகினுதான் கீறேன்.”

“முழுசா?”

தூக்கிய கட்டையை இறக்கிப் பழத்தைத் தட்டினாள். “அடிப்பாவி! இன்னும் பாதிதானா? வசந்தி போய் ஒரு வருஷம் ஆகிறதே, மீதிப் பாதியை என்ன செய்கிறாய்?”

“எங்கியாச்சும் வுழுந்துடுது” என்றாள். கொட்டையை ஒதுக்கித் தள்ளிவிட்டு, “முழுசு போட்டா அவள வுட்டுட்டாப்பல கீது யம்மா. கல்லாணம் முறிஞ்சாப்பல” என்றாள்.

அந்த நேரத்தில்தான் கல்பனா தோளில் பையோடு வந்தாள். மாசத்து மாத்திரை கொடுக்கிற நாள். பட்டையைச் சுற்றினாள். பட்டை இறுக்கியது, விட்டது. கல்பனாவின் முகம் போன போக்கைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது. “இருநூறுக்கு மேல காட்டுதுக்கா. வசந்திக்காவுக்கும் இப்டித்தான் இருந்திருக்கும். உன் கால்ல வுழறேன், முழுசா போடுக்கா. ஆனி வந்தா நீ பாட்டுக்கு மரத்துல ஏறிடுவே. மேல தல சுத்துனா கீழ கயிறு புடிக்க யாரு கீறாங்க?” என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

நான் அழவில்லை, கத்தினேன். “செத்துப் போ! போ! ரெண்டு பேரும் பாதிப் பாதியா செத்துப் போனீங்கன்னு நான் ஊர் பூரா சொல்றேன்!” என்றேன். சொன்ன வாயைப் பிடுங்கிப் போடலாம் போலிருந்தது. ஆனால் மங்கம்மாள் சிரித்தாள். மூக்கை மூடிக்கொண்டு, ஒரு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக.

“ரெண்டு பேரும் கத்தாதீங்க. எனக்குப் பிரசரு ஏறுது” என்றாள். “சரி, போடறேன். முழுசா போடறேன். கல்பனா, தண்ணி எட்தா.”

வாயிலிருந்த உப்புக்கல்லைத் துப்பினாள். கல்பனா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நானே புது அட்டையைப் பிரித்து ஒரு மாத்திரையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். புளிக்கறை படிந்த கையில் வெள்ளையாக, முழுசாக இருந்தது. வாயருகே கொண்டுபோனாள். நாங்கள் இருவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

முன்பல்லில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. சொம்பைத் தூக்கி ஒரு மடக்கு குடித்தாள். தலையைத் திருப்பாமலே, இடது கையைப் பக்கத்தில், வசந்தி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த இடத்துக்கு நீட்டினாள். இரண்டு விரலுக்கு நடுவில் மீதிப் பாதி இருந்தது. நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.